குறிப்பு எழுதாத முகவரி

பிப்ரவரி 3, 1997

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி குளிரோடு வந்து குளிரோடு போய்விட்டது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, நன்றாகத் தூங்குகிறாயா என்று எழுது. ‘நல்லா இருக்கேன்’ என்று ஒற்றை வரியில் முடிக்காதே. நான் படித்து நிறுத்தினால் அம்மா, “அவ்வளவுதானா? தாளைத் திருப்பிப் பாரு” என்கிறாள்.

ஒரு செய்தி. எங்கள் கல்லூரி நூலகத்துக்கு இன்டர்நெட் வந்துவிட்டது. ஒரே ஒரு கம்ப்யூட்டர். அகராதிகள் இருந்த மேசையைக் காலி செய்து வைத்திருக்கிறார்கள். போன் லைன் முதல்வர் அறையிலிருந்து சுவரோரமாக வருகிறது. அவர் போனை எடுத்தால் எனக்குத் தொடர்பு அறுந்துவிடும். இதை யார் பார்த்துக்கொள்வது என்று கூட்டம் போட்டார்கள். எல்லாரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “நூலகர் அம்மாவே பார்த்துக்கட்டும், இதுவும் ஒரு புத்தகம் மாதிரிதானே” என்று முதல்வர் என் தலையில் கட்டிவிட்டார்.

புத்தகம் மாதிரி இல்லைடா. டயல் செய்தால் அந்த மோடம் கனைக்கிறது, கீச்சிடுகிறது, இரண்டு பேர் சண்டை போட்டுச் சமாதானம் ஆன மாதிரி சட்டென்று அடங்குகிறது. முதல் நாள், வானத்தில் சுற்றும் தொலைநோக்கி ஒன்று எடுத்த படத்தைத் திறந்தேன். மேலிருந்து வரி வரியாக இறங்கியது. முதலில் வெறும் கறுப்பு. கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பிறகு ஒரு புள்ளி, பத்துப் புள்ளி, அப்புறம் தூண் தூணாகப் புகை மாதிரி ஒன்று. நட்சத்திரங்கள் பிறக்கிற இடமாம். முழுப் படமும் வர பதினொரு நிமிடம் ஆனது. இயற்பியல் வாத்தியாரம்மா சாக்பீஸோடு நின்றவர் வகுப்பையே மறந்துவிட்டார். “இது எவ்வளவு தூரம்மா?” என்று அட்டெண்டர் கேட்டார். வாத்தியாரம்மா சொன்னார். அட்டெண்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அறிவிப்புப் பலகையில் ‘இந்த வாரம் பார்க்க’ என்று ஐந்து முகவரி எழுதிப் போடுகிறேன். வெறும் முகவரியை எழுதினால் ஒருத்தரும் போகமாட்டார்கள். போனால் என்ன கிடைக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரிக் குறிப்பு வேண்டும். உங்கள் ஊர் பொது நூலகத்தில் இந்த வசதி இருப்பதாக நீதானே எழுதியிருந்தாய்? இந்த வாரப் பட்டியலைத் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன். ஒரு நாளாவது போய்ப் பார். அதில் தமிழ் எழுத்து வராததால் நமக்குத் தபால்தான் கதி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

பிப்ரவரி 27, 1997

அன்புள்ள அக்காவுக்கு, அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இது முதல் வரி. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், படுத்தால் கட்டை மாதிரி தூங்குகிறேன், என் குறட்டையில் அறையில் இருக்கும் தச்சர் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அம்மாவுக்குத் திருப்தியா?

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருக்கும் பெண், என் வெல்டிங் கறை படிந்த விரலைப் பார்த்து முதலில் கைகழுவும் இடத்தைக் காட்டினாள். கழுவிவிட்டு வந்தேன். நீ எழுதிய இரண்டாவது முகவரியில் பாம்பு நெளிகிற மாதிரி ஒரு குறி போட்டிருக்கிறாயே, அது கீபோர்டில் எங்கே இருக்கிறது என்று தேடியதிலேயே கால் மணி நேரம் போய்விட்டது. இடது மூலையில் ஒளிந்திருக்கிறது, திருடன்.

அக்கா, உன் பட்டியலில் இருந்த அந்தத் திமிங்கிலக் குரல். குறிப்பில் ‘காதில் மாட்டிக் கேள்’ என்று எழுதியிருந்தாய். ஹெட்போனை மாட்டினேன். முதலில் கதவு கிரீச்சிடுவது போல ஒன்று. பிறகு நீளமாக, அடிவயிற்றிலிருந்து ஒரு கூவல். அது அடங்கி, ரொம்ப நேரம் கழித்து, எங்கேயோ தூரத்திலிருந்து இன்னொன்று பதில் சொல்கிறது. நான் நாள் முழுக்கக் கப்பலின் வயிற்றுக்குள் மல்லாந்து படுத்துத் தகட்டை ஒட்டவைக்கிறவன். இந்தத் தகடு தண்ணீரில் இறங்கின பிறகு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நினைத்ததில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் தகட்டில் காதை வைத்துப் பார்த்தேன். மேஸ்திரி, “என்னப்பா, அதுக்கு ஜுரமா?” என்று கேட்டார்.

அடுத்த பட்டியல் அனுப்பு. அம்மாவை ரொம்ப தூரம் நடக்க விடாதே.

உன் தம்பி

மார்ச் 20, 1997

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் இரண்டு தடவை படித்தேன். மேஸ்திரி சொன்னதைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. மற்றபடி இருவரும் சுகம். உன் எழுத்துதான் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. பூதக்கண்ணாடியோடுதான் படிக்கிறேன். ஒரு தாளில் மூன்று தாள் விஷயத்தை அடைக்கிறாய்.

பலகையைச் சுற்றி இப்போது கூட்டம். பஸ் நிறுத்தத்தில்கூட என்னை நிறுத்தி, “இந்த வாரம் என்ன போடப்போறீங்க?” என்று கேட்கிறார்கள். கடலுக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றும், அதைச் சுற்றி வாயும் கண்ணும் இல்லாத குழாய்ப் புழுக்களும் இருக்கிற படங்களைப் போட்டேன். வெளிச்சமே போகாத இடத்தில் அத்தனை சிவப்பு எதற்கு, யார் பார்ப்பதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியையும் பலகையில் எழுதிப் போட்டேன்.

அம்மாவை ஒரு நாள் கூப்பிட்டேன். “பெட்டிக்குள்ள என்னத்தப் பார்க்கிறது? என் பிள்ளை வந்தா வந்து பார்க்கிறேன்” என்றாள். நீ வெளிநாடு போய் ஏழு வருஷம் ஆகிறது. இந்த வருஷக் கடைசியிலாவது லீவு கேட்டுப் பார்.

பட்டியல் தனிச் சீட்டில். தச்சர் அண்ணனுக்கு எங்கள் வணக்கம்.

அக்கா

ஏப்ரல் 30, 1997

சின்னவனுக்கு,

நாங்கள் நலம். ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால் சுணக்கமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் அறை வீட்டுக்காரர் எண்ணுக்குப் போன் செய்தேன். ‘கப்பல் வேலை, வெளியூர்’ என்று யாரோ சொன்னார்கள். முன்னே போனில் கேட்ட தச்சர் அண்ணன் குரல் மாதிரி இருந்தது. நான் பேரைச் சொன்னதும் வைத்துவிட்டார்.

ஒரு வரி எழுதினாலும் போதும். தாளைத் திருப்பிப் பார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அக்கா

ஜூன் 6, 1997

அக்காவுக்கு, அம்மாவுக்கு,

நான் நலம். கவலை வேண்டாம். வெளியூர் வேலை. அதனால் எழுத முடியவில்லை. விரலில் சின்னக் காயம். அதனால் எழுத்துப் பெரிதாக இருக்கும். பூதக்கண்ணாடி வேண்டாம்.

இப்போது எனக்கு ஷிப்ட் மாறியிருக்கிறது. பகலெல்லாம் ஓய்வு. தினமும் நூலகம் போகிறேன். உன் பழைய பட்டியல் முழுவதும் பார்த்துவிட்டேன். அந்தச் சிவப்புப் புழுவை ஒரு மணி நேரம் பார்த்தேன்.

ஒரு படம் நானே கண்டுபிடித்தேன். உருண்டை பூமி. பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அந்தக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். உங்கள் ஊர் இருக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டு மெதுவாக ஊர்ந்து வந்து என் விரலைத் தொட்டது. இப்போது அம்மா விளக்கைப் போடுவாள் என்று நினைத்தேன்.

நிறைய முகவரி அனுப்பு அக்கா. ஐந்து போதாது.

தம்பி

ஜூன் 27, 1997

அன்புள்ள சின்னவனுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விளக்கு போடுகிற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னாள். “நான் விளக்கு போடுற நேரம் அவனுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டு, அன்றிலிருந்து பொழுது சாய்வதற்கு முன்னாலேயே ஸ்விட்ச் பக்கத்தில் போய் நிற்கிறாள். காயம் என்கிற வரியை அவளுக்குப் படிக்கவில்லை.

நான் இருபது வருஷமாக நூலக அட்டைகளில் மற்றவர்களின் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள். அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த முறை பெரிய மனிதர்களின் பக்கங்களை விட்டுவிட்டேன். சும்மா இருக்கிற மனிதர்கள் தங்களுக்கென்று ஒரு பக்கம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் தன் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் மேகத்தை மூன்று வருஷமாகத் தினமும் குறித்து வருகிறார். ஒரு ரயில் டிரைவர் தான் கேட்ட விசில்களையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். ஒரு அம்மாள் இறந்துபோன தன் நாய்க்குப் பக்கம் போட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் கையெழுத்துப் போடலாம், எண்ணூறு பேர் போட்டிருக்கிறார்கள். யாரும் கேட்காமலே, யாருக்கு என்று தெரியாமலே இவ்வளவு பேர் எழுதி வைத்துக் காத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

மொத்தம் ஒன்பது முகவரி. எட்டுக்குக் குறிப்பு இருக்கிறது. ஒன்பதாவதுக்கு எழுதவில்லை. எழுதிப் பார்த்தேன், வரவில்லை. பிடித்தால் பார். இல்லையென்றால் விட்டுவிடு.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

ஜூலை 25, 1997

அன்புள்ள அக்காவுக்கு, அம்மாவுக்கு,

இங்கே எல்லாம் சுகம். வெயில் நன்றாக அடிக்கிறது. உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

மேகக்காரர் பக்கத்தைப் பார்த்தேன். போன வருஷம் இதே தேதியில் அவர் வீட்டுக்கு மேலே ‘கிழிந்த பஞ்சு’ என்று எழுதியிருக்கிறார். ரயில் டிரைவர் சரியான ஆள், ஒரு விசிலை ‘மாமியார் கூப்பிடுவது போல’ என்று எழுதியிருக்கிறார். நாய்க்கு நானும் கையெழுத்துப் போட்டேன். எண்ணூற்றுப் பதினாறாவது ஆள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை, ‘நல்ல நாய்’ என்று எழுதினேன்.

இரண்டாவது, ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது, எட்டாவது எல்லாம் பார்த்தேன். நன்றாக இருந்தன.

நூலகப் பெண் எனக்கென்று ஜன்னல் பக்கத்துக் கம்ப்யூட்டரைப் பத்து மணிக்கு ஒதுக்கி வைக்கிறாள். நேற்று ஒரு பெரியவருக்கு அந்த நெளிகிற குறி எங்கே என்று நான் காட்டிக் கொடுத்தேன்.

தம்பி

ஆகஸ்ட் 17, 1997

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மாவும் நானும் சௌக்கியம். நீ ‘நல்ல நாய்’ என்று எழுதியதை அம்மா தெருவில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டாள்.

உன் கடிதம் இந்தத் தடவை கோணல் இல்லாமல், தாள் கசங்காமல் வந்தது. நான்கு மூலையிலும் ஒட்டுநாடாவைப் பிய்த்த தடம் இருந்தது. நான் அதைத் தடவிப் பார்த்தேன். வேறொன்றும் கேட்கப் போவதில்லை.

இப்போது முக்கியமான விஷயம். போன வாரம் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் அகப்பட்டது. உலகத்தில் எங்கெங்கோ கேமராவை வைத்து, நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்புகிறார்கள். ஒருத்தர் வீட்டு மீன்தொட்டி, ஒரு மலை, ஒரு பாலம். பட்டியலில் கீழே வந்தால் உங்கள் ஊர்! உங்கள் நகராட்சிக் கூரையிலிருந்து சதுக்கத்தைப் பார்க்கிறது. நீ டீ குடிக்கிற கடையின் பச்சைக் கூடாரம், மணிக்கூண்டு, பஸ் நிற்குமிடம். மனிதர்கள் அரிசியளவு தெரிகிறார்கள். கீழே அந்த நிமிடத்தின் மணி ஓடுகிறது. சின்னவா, அது பழைய படம் இல்லை. நான் பார்க்கும்போதே அங்கே ஒருத்தர் குடையை விரித்தார். அடுத்த படத்தில் சதுக்கம் முழுக்கக் குடை. உன் மழையை நான் இங்கே உட்கார்ந்து பார்த்தேன்.

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை, அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒரே வார்த்தையில், “அவனை அங்க வந்து நிக்கச் சொல்லு” என்றாள். செப்டம்பர் 27 சனிக்கிழமை, உனக்குக் காலை பத்து, எங்களுக்கு மத்தியானம் ஒன்றரை. மணிக்கூண்டுக்கு முன்னால், கூட்டத்திலிருந்து தள்ளி நில். அடையாளம் தெரிய, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்கிறாள் அம்மா.

ஒரு கை போதும் என்று நான் சொன்னேன்.

அக்கா

செப்டம்பர் 8, 1997

அக்கா,

இந்த முதல் தாள் உனக்கு மட்டும். இரண்டாவதை அம்மாவுக்குப் படி.

ஒன்பதாவது முகவரியைத்தான் நான் முதலில் திறந்தேன். குறிப்பு இல்லாமல் நீ எதையும் எழுத மாட்டாய் என்று தெரியுமே. அதைப் போட்டிருக்கிற மனிதர் ஒரே கையால் ஷூ நாடா கட்டுவதையும், ரொட்டி வெட்டுவதையும், தாளின் மூலையை ஒட்டிவிட்டு எழுதுவதையும் படம் படமாகப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ‘முதல் தடவை வராது, கோபப்படலாம், தப்பில்லை’ என்று எழுதியிருக்கிறார். நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு பக்கம் அழுகை. அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு பக்கம் நிம்மதி. மறுநாள் திரும்பப் போய் முழுவதும் பார்த்தேன்.

ஏப்ரல் 3ஆம் தேதி. சங்கிலி நழுவித் தகடு சரிந்தது. யார் மேலும் குற்றமில்லை, ஒரு நொடி. வலது கை, முழங்கைக்குக் கீழே இல்லை. ஷிப்ட் மாறவில்லை, அந்த வேலை முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் சொல்லித்தான் தச்சர் அண்ணன் பொய் சொன்னார், அவர் மேல் வருத்தப்படாதே. கிளம்பும்போது அம்மா என் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாளே, அதை நினைத்தால் பேனா நகரவில்லை.

வருகிறேன் அக்கா. பத்து மணிக்கு நிற்கிறேன். கோட்டின் வெறும் கையைப் பைக்குள் செருகி மறைத்துக்கொண்டு நிற்கமாட்டேன். அம்மாவிடம் நீ முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். நானே காட்டுகிறேன். ஆனால் அந்த நேரத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

தம்பி

(இரண்டாம் தாள்)

அம்மா, நான் நன்றாக இருக்கிறேன். நீ சொன்னபடி மணிக்கூண்டுக்கு முன்னால் நிற்பேன். நீல நிறக் கோட்டு. நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்.

செப்டம்பர் 27, 1997

என் சின்னவனுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். இதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ அதைத்தான் தேடுவாய்.

வீட்டுக்கு வந்த கையோடு எழுதுகிறேன். அம்மா பெட்டியிலிருந்த நல்ல உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, பன்னிரண்டரை மணிக்கே நூலகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். முதல்வரிடம் சொல்லி, அவர் போனைத் தொடாமல் இருக்கச் செய்தேன். அட்டெண்டர் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வருகிறவர்களிடம் உஷ் உஷ் என்றார்.

ஒன்றரை மணிக்குப் படம் வந்தது. மணிக்கூண்டு, புறாக்கள், ஆள் இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். அடுத்த படம். மேலிருந்து இறங்கியது. முதலில் வானம், கூரைகள், மணிக்கூண்டின் முள். நான் நாற்காலியை இழுத்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன். பிறகு ஒரு விரல் நுனி மாதிரி ஏதோ. பிறகு கை. தூக்கின கை. அதற்குக் கீழே தலை, நீலக் கோட்டு, கால். அரிசியளவுதான் இருந்தாய். “அவன்தான்” என்றாள் அம்மா. “எப்படிம்மா தெரியுது?” என்றேன். “நிக்கிற நிலை தெரியாதா எனக்கு?” என்றாள். ஏழு வருஷம் கழித்து, அத்தனை கடலுக்கு அந்தப் பக்கம், அந்த நிமிடத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற உன்னை அவள் பார்த்தாள். கண்ணாடித் திரையில் விரலை வைத்தாள். நான் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு கையைத்தான் தூக்கியிருக்கான்” என்றாள். இன்னும் குனிந்து பார்த்தாள். “அந்தப் பக்கம் கோட்டுக் கை வெறுமனே தொங்குது.” நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து நின்றாள். நீ எந்தக் கையைத் தூக்கியிருந்தாயோ அந்த இடது கையைத் தூக்கிக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றாள். உனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நின்றாள்.

அதற்குள் மூன்றாவது படம் இறங்கியது. உன் பக்கத்தில் ஒரு பெண், காலடியில் பை, அவளும் கையைத் தூக்கியிருக்கிறாள். நான்காவதில் நான்கு பேர். ஐந்தாவதில் உன்னைச் சுற்றி ஏழு பேர். ஒருத்தர் பஸ் டிரைவர் தொப்பி போட்டிருக்கிறார். எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்க்கிறார்கள். “இவங்கெல்லாம் யாரு?” என்று அம்மா கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. யார் அவர்கள்?

வீட்டுக்கு வந்து, ஜூன் மாதத்திலிருந்து நீ எழுதிய கடிதங்களையெல்லாம் எடுத்து வரச் சொன்னாள். படிக்கத் தெரியாதே அவளுக்கு, ஒவ்வொரு வரியாக விரலால் தடவிக்கொண்டே போனாள். “இதை எல்லாம் அந்தக் கையால எழுதியிருக்கானே” என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: ‘நீ முழுசா வரணும்னு நான் சொல்லல, வரணும்னுதான் சொன்னேன். வா.’

அக்கா

அக்டோபர் 19, 1997

அன்புள்ள அம்மாவுக்கு, அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். இந்தத் தடவை அது நிஜம். அம்மா, காயம் நன்றாக ஆறிவிட்டது. குளிர் நாளில் மட்டும் இல்லாத விரல்கள் கொஞ்சம் அரிக்கும், சொறிய முடியாது, அதுதான் ஒரே தொல்லை. உன்னிடம் மறைத்ததற்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். டிசம்பர் 11ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். தச்சர் அண்ணன் பெட்டிக்குப் புதுக் கைப்பிடி போட்டுக் கொடுத்திருக்கிறார், இடது கைக்குத் தோதாக.

அக்கா, அவர்கள் யார் என்று கேட்டிருந்தாய். எனக்கும் தெரியாது.

பத்து மணி அடித்ததும் போய் நின்றேன். கூரையில் அந்தக் கேமரா ஒரு கறுப்புப் பொட்டு மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். ரொம்ப வெட்கமாக இருந்தது. போகிறவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் நிஜமாகவே அந்தப் பக்கம் இருக்கிறீர்களா, லைன் அறுந்துவிட்டதா, ஒன்றும் தெரியாது. அந்தக் கறுப்புப் பொட்டு பதிலா சொல்லும்? அரை நிமிடத்திலேயே கை வலித்தது. இறக்கிவிட்டால் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிடுமோ என்று பயம்.

காய்கறிப் பையோடு போன ஒரு பெண் நின்று, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையை வைத்துச் சொன்னேன். “அம்மா. தூரத்தில். பார்க்கிறாங்க.” கூரையைக் கண்ணால் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். அவள் கேமராவைப் பார்த்தாள், என் வெறும் கோட்டுக் கையைப் பார்த்தாள், மறுபடி கேமராவைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து கையைத் தூக்கினாள். பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக என்ன என்று கேட்டார், அவள்தான் பதில் சொன்னாள். அவர் இறங்கி வந்தார். டீக்கடைக்காரர் வந்தார். மற்ற நாலு பேரும் ஒன்றும் கேட்கவே இல்லை. அண்ணாந்து பார்த்துக் கையைத் தூக்கினார்கள். யாருக்காக என்று அவர்களுக்குத் தெரியுமா என்றுகூடத் தெரியாது.

கொஞ்ச நேரம் ஆனதும் அந்தப் பெண், “கையை இறக்கலாமா?” என்று கேட்டாள். “இன்னும் கொஞ்ச நேரம்” என்றேன்.

எல்லாரும் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

உங்கள் சின்னவன்